ஒரு குழந்தைக்கு ஓர் ஆள்

என் பிள்ளைகள் தண்ணீர் பழகிய கதையை யாராவது கேட்டால், நான் ஒரு புதுத் தம்பதியைப் பற்றித்தான் சொல்ல ஆரம்பிப்பேன். அவர்கள் எங்களுக்கு உறவில்லை, ஒரே ஊரும் இல்லை. கல்யாணமான கையோடு ஏற்காட்டுக்குத் தேனிலவுக்கு வந்தவர்கள். அந்த விடுமுறையில் பெரும்பாதியை என் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடைச் சந்திப்புக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு விடுதியில் என் கணவர் சமையல் மாஸ்டர். ஏப்ரல், மே மாதங்களில் அவரிடம் லீவு என்ற பேச்சே எடுக்க முடியாது. மலை நிறைய ஆட்கள் இருப்பார்கள். எனக்குச் சேலத்தில் பள்ளிக்கூட வேலை. அந்த இரண்டு மாதம்தான் எனக்கு ஓய்வு. அவருக்கு வேலை இருக்கும்போது எனக்கு இல்லை, எனக்கு இருக்கும்போது அவருக்கு இல்லை என்று எங்கள் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் இரட்டைக் குழந்தைகள். பையன் சில நிமிடம் முன்னால் பிறந்தான் என்பதால் அவன் பெரியவன், பெண் சின்னவள்.

இருவருக்கும் ஒன்றேகால் வயது ஆனபோது சேலத்து வெயிலில் கழுத்தெல்லாம் வேர்க்குரு. விடுதி முதலாளிக்கு மனது இளகி, பின்பக்கத்து அறை ஒன்றைச் சில நாட்களுக்குத் தந்தார். கணவர் கீழே வந்து எங்களை பஸ்ஸில் அழைத்துப் போனார். கொண்டை ஊசி வளைவுகளில் பெரியவன் அப்பாவின் சட்டையில் வாந்தி எடுத்தான். சின்னவள் கைதட்டிச் சிரித்தாள்.

அறை ஜன்னலைத் திறந்தால் நீச்சல்குளம். பெரிய குளம் ஒன்று, அதை ஒட்டித் தனி வேலியும் கதவும் போட்ட வட்டமான சின்னக் குளம் ஒன்று. சின்னக் குளத்தில் பெரியவர்களுக்கு முட்டியளவு தண்ணீர்தான். காலையில் விருந்தினர்கள் ஏரிக்கும் வியூபாயிண்டுகளுக்கும் கிளம்பிப் போன பிறகு ஊழியர் குடும்பங்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். குழந்தைகள் இருவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த நீலத்தைப் பார்த்து "தா, தா" என்று கத்தினார்கள்.

என் கணவர் அதிகம் பேசாதவர். ஆனால் அன்றைக்குக் கறாராகச் சொன்னார்.

"ஒரு கொளந்தைக்கு ஒரு ஆளு. அதுவும் தண்ணிக்குள்ள, கைக்கு எட்டற தூரத்துல. ரெண்டையும் நீ தனியா எறக்கவே கூடாது."

"ஏனுங்க, எனக்கு நீச்சல் தெரியாதா? கெணத்துல குதிச்சு வளந்தவளுங்க நானு."

"நீச்சல் தெரிஞ்சவளுக்கும் கையி ரெண்டுதான். ஒண்ணு வழுக்குச்சுன்னா இன்னொண்ண எங்க வெப்ப?"

முன்பு வேலை பார்த்த இடத்தில் அவர் எதையோ பார்த்திருக்கிறார் என்று மட்டும் எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்டால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். காலை டிபன் முடிந்தால் மதியச் சாப்பாடு, அது முடிந்தால் பஜ்ஜி, போண்டா. அவர் வந்து ஒரு குழந்தையைப் பிடிப்பார் என்பதும் நடக்காத காரியம்.

முதல் நாள் நான் ஒரு தந்திரம் செய்தேன். சின்னவளைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, வேலிக்கு வெளியே என் கண் முன்னால் நிறுத்திவிட்டுப் பெரியவனை மட்டும் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். அவள் முகம் கத்தரிப்பூ நிறத்துக்கு வரும்வரை அழுதாள். சரியென்று வெளியே வந்து இவனை வண்டியில் போட்டு அவளைத் தூக்கினேன். இவன் அவளைவிட உரக்க அழுதான். தவிர, அவனுக்கு நான் போட்டிருந்த சாதாரண டயபர் தண்ணீரைக் குடித்துத் தலையணை போல உப்பி, முழங்கால் வரை தொங்கியது. நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

எதிரே வராந்தாவில் அந்தத் தம்பதி டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் கையில் மருதாணி இன்னும் கருக்காமல் சிவந்திருந்தது, கழுத்தில் புது மஞ்சள் கயிறு. வந்ததிலிருந்து அவர்கள் இருவரும் பேசிக்கொண்டு நான் பார்க்கவில்லை. ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் பார்த்து முடித்த கல்யாணம் என்பதும், பெண் தர்மபுரிப் பக்கம், மாப்பிள்ளை கோபிப் பக்கம் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பெண் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வேலியருகே வந்தாள்.

"ஏனுங்க அக்கா, இந்த சாமிய நான் செத்த நேரம் வெச்சுக்கட்டுங்களா? அழுது அழுது தொண்ட கட்டிக்கும் போலிருக்குது."

முன்பின் தெரியாதவர் கையில் பிள்ளையைக் கொடுப்பது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனால் அவள் வேலிக்கு வெளியே என் கண்ணெதிரே தானே நிற்கிறாள் என்று கொடுத்தேன். பெரியவன் அவள் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைப் பிடித்து இழுத்தான். அழுகை நின்றது. அவள் பூவைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையும் வந்து பக்கத்தில் நின்றார். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பிக்கு நீச்சல் தெரியுங்களா?" என்று கேட்டேன்.

"வாய்க்காத் தண்ணியிலயே கெடந்து வளந்தோமுங்க அக்கா" என்றவர், தயங்கி, "வேணும்னா நாளைக்கு நான் ஒண்ணப் புடிச்சுக்கறனுங்க" என்றார்.

அவர் மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். இவருக்கு இதெல்லாம் தெரியுமா என்பது போல ஒரு பார்வை.

அன்று மதியம் விஷயத்தைக் கணவரிடம் சொன்னேன். மறுநாள் காலை நாங்கள் குளத்தடியில் கூடியபோது, கையில் கரண்டியோடு சமையலறையிலிருந்து நேராக வந்துவிட்டார். மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, போன எங்க வெப்பீங்க?"

மாப்பிள்ளை போனை எடுத்து மனைவியிடம் கொடுத்தார்.

"நேத்து ராத்திரி ஏதாச்சும் குடிச்சீங்களா?"

"அய்யோ, இல்லீங்க மாஸ்டர். உங்க ரசத்தத்தான் ரெண்டு டம்ளரு குடிச்சேன்."

என் கணவர் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. "சரி, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது வேலிக் கதவு சரியாகக் கொண்டி விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

அப்படித்தான் எங்கள் காலைகள் தொடங்கின. மே மாதம் என்றாலும் ஏற்காட்டுத் தண்ணீர் காலையில் ஊசியாகக் குத்தும். சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே வெயில் ஏறி, தண்ணீரில் விழும்வரை காத்திருப்போம். முதலில் படியில் உட்காரவைத்துப் பாதத்தை மட்டும் நனைப்போம். பிறகு கையால் அள்ளி முதுகில் விடுவோம். பிறகுதான் இடுப்பளவு. மாப்பிள்ளை பெரியவனைக் கக்கத்துக்கு அடியில் இரண்டு கையாலும் பிடித்து, முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே மெல்ல நடப்பார். தூக்கிப் போட்டுப் பிடிப்பது, முக்கி எடுப்பது எதுவும் கிடையாது. நான் சின்னவளோடு ஓர் எட்டுத் தள்ளி நிற்பேன். உதட்டு நிறம் கொஞ்சம் மாறினாலும், தோல் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்தாலும், அழ ஆரம்பித்தாலும் உடனே வெளியே. அந்தப் பெண் வெயிலில் காயவைத்த துண்டோடு கரையில் தயாராக நிற்பாள்.

அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். "எங்க ஊர்ல குடிக்கறதுக்கே தண்ணி கெடையாதுங்க அக்கா, நீச்சலுக்கு எங்க போறது?" என்பாள். குளத்தின் விளிம்புக்குக்கூட வரமாட்டாள். கரையில் நின்றபடியே, "ஏனுங்க, அவன் கழுத்தப் பாருங்க", "வெயிலு மூஞ்சியில அடிக்குதுங்க, அந்தப் பக்கம் திரும்புங்க" என்று கணவருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவரும் சொன்னபடி திரும்புவார். துண்டைக் கைமாற்றும்போது இரண்டு வார்த்தை, பிள்ளைகளைத் துவட்டும்போது நாலு வார்த்தை. மூன்றாம் நாள் டிபன் சாப்பிடும்போது போன்கள் இரண்டும் மேசை ஓரத்தில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தேன்.

அதற்கு அடுத்த நாள் மாப்பிள்ளை ஒரு காற்றடைத்த வாத்து வாங்கி வந்தார். மஞ்சள் நிறம், நடுவில் குழந்தை உட்காரக் கால் நுழைக்கும் ஓட்டை. ஒண்டிக்கடையில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியதாக அவர் மனைவி சொன்னாள். எனக்கு அந்த மாதிரிச் சாமான்களில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஆசையோடு வாங்கி வந்தவரிடம் எப்படி வேண்டாம் என்பது? "கைய மட்டும் எடுத்தராதீங்க தம்பி" என்றேன். பெரியவன் அதில் உட்கார்ந்து ராஜா மாதிரி மிதந்தான். மாப்பிள்ளை வாத்தின் வால் பக்கம் ஒரு கையும் பையனின் முதுகில் ஒரு கையுமாக நின்றார்.

அப்போது வேலிமேல் ஒரு குரங்கு வந்து குதித்தது. கரையில் நான் வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டின் மேல் அதற்குக் கண். அந்தப் பெண் "அய்யய்யோ" என்று கத்தி, துண்டை வீசி விரட்டினாள். அது பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, துண்டையும் இழுத்துக்கொண்டு ஓடியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். நானும் பார்த்தேன், மாப்பிள்ளையும் பார்த்தார். பெரியவனும் குரங்கைப் பார்க்க எட்டிக் குனிந்திருக்கிறான்.

வாத்து கவிழ்ந்துவிட்டது.

நான் திரும்பியபோது தண்ணீருக்கு மேலே இரண்டு சின்னப் பாதங்கள் மட்டும் தெரிந்தன. தண்ணீரில் ஆபத்து என்றால் கூச்சல் கேட்கும், கைகாலை அடிப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. நான் ஓர் எட்டு வைப்பதற்குள், முதுகில் இருந்த அந்தக் கை அவனை வாத்தோடு சேர்த்துப் புரட்டி மேலே தூக்கிவிட்டது. அவ்வளவுதான் நேரம். பையன் இருமினான், மூச்சை இழுத்தான், பிறகு மலையே அதிரும்படி அழுதான். அந்த அழுகையைப் போல இனிமையான ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை.

டவுனில் இருந்த டாக்டரிடம் கொண்டு போனோம். மாப்பிள்ளையும் ஈரத் துணியோடு கூடவே வந்தார். டாக்டர் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, ஆனாலும் இருமல் விடாமல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடந்தாலோ உடனே தூக்கி வாருங்கள் என்றார். நாங்கள் வெளியே வந்தபோது மாப்பிள்ளை பெஞ்சின் நுனியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமில்லையாமுங்க தம்பி" என்றேன். தலையாட்டினார். அன்று சாயங்காலம் அந்த வாத்தின் காற்றைப் பிடுங்கி, மடித்து, குப்பைத் தொட்டியில் போட்டதைப் பார்த்தேன்.

என் கணவர் அன்று முழுக்கப் பெரியவனைச் சமையலறை வாசலில் தூளி கட்டிப் போட்டு, வேலைக்கு நடுவே வந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தார். யார்மேலும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "அந்தத் தம்பி சாப்டாரா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

மறுநாள் மாப்பிள்ளை வரவில்லை. நான் இரண்டு பிள்ளைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் மட்டும் வந்தாள். சேலைக்குப் பதில் சுடிதார் போட்டு, துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"அவரு வர மாட்டேங்கறாருங்க அக்கா. நேத்துலருந்து நொம்ப ஒடஞ்சு போயிட்டாரு. என்னால ஒரு உசுரு போயிருக்குமேன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்கறாரு." கொஞ்சம் நிறுத்தி, "நான் எறங்கட்டுங்களா?" என்றாள்.

"உனக்குத் தண்ணின்னா பயமாச்சே கண்ணு."

"பயந்தானுங்க. ஆனா நானும் இத்தன நாளா பாத்துக்கிட்டுத்தானே இருக்கறேன். உக்காந்தா இடுப்புக்கு மேல கொஞ்சம், எந்திரிச்சா முட்டி. என்னைய ஒண்ணும் முழுங்கீராது."

முதலில் வெறும் கையோடு அவளை மட்டும் இறக்கினேன். பிள்ளைகள் இருவரும் வேலிக்கு வெளியே வண்டியில். அவள் படியில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் "ஸ்ஸ்" என்றாள். பிறகு கண்ணைத் திறந்து தன் கால்விரல்களைத் தண்ணீருக்குள் பார்த்துச் சிரித்தாள். உடம்பு நடுக்கம் நின்ற பிறகு சின்னவளை அவள் மடியில் கொடுத்தேன். பெரியவனை நான் எடுத்துக்கொண்டு, அவளை உரசினாற்போல உட்கார்ந்தேன். முந்தின நாள் நடந்ததெல்லாம் அவனுக்கு ஞாபகமே இல்லை. இரண்டு கையாலும் தண்ணீரை ஓங்கி அறைந்தான்.

சற்று நேரத்தில் வேலிப் பக்கம் ஓர் ஆள் நின்றார். மனைவி தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

"தம்பி, இங்க வாங்க" என்றேன். "நேத்து நாம எல்லாருந்தான் கொரங்கப் பாத்தோம். நானும்தான் பாத்தேன். ஆனா உங்க கையி மட்டும் எடத்த விட்டு நவுரல. அதுக்கு நான் உங்களுக்குக் கையெடுத்துக் கும்புடோணும்."

"அது தெரியாமயே இருந்துச்சுங்க அக்கா."

"தெரியாம இருந்தாலும் இருந்துச்சில்லீங்களா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டி, உள்ளே வந்து, கதவைச் சாத்தினார். பெரியவன் அவரைப் பார்த்ததும் என் கையிலிருந்து தாவப் பார்த்தான். குழந்தைக்கு இல்லாத வருத்தம் நமக்கு எதற்கு என்று அந்த நிமிடத்தில் தோன்றியது.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் என் கணவருக்கு ஓர் அதிசயம் நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் மேனேஜரே வந்து, "மாஸ்டர், பஜ்ஜிக்கு மாவு கரைக்கறத நான் பாத்துக்கறனுங்க. போயி உங்க கொளந்தைங்களோட செத்த நேரம் இருங்க" என்றார். கணவர் லுங்கியோடு ஓடி வந்தார். அவர் கையில் பெரியவன், என் கையில் சின்னவள். புதுத் தம்பதி கரையில் உட்கார்ந்து, காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார்கள். மகன் தன் அப்பாவின் மீசையைத் தண்ணீர் தொட்டுத் தடவினான். அவர் உடம்பெல்லாம் சமையல் வாசனை. தண்ணீரில் நின்று நாங்கள் நால்வரும் ஒன்றாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சேர்வராயன் உச்சிப் பக்கம் மேகம் கறுத்து, தூரத்தில் இடி உருண்டது. கணவர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. எத்தனையோ நாள் காத்திருந்து கிடைத்த நேரம்தான் அது, ஆனாலும் "எல்லாம் ஏறுங்க, ஏறுங்க" என்று பையனைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கரையேறிவிட்டார். நாங்கள் வராந்தாவுக்குப் போய்ச் சேர்வதற்கும் மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது. மேனேஜர் கரைத்த மாவு கஞ்சியாகப் போயிருந்தது. அந்த பஜ்ஜியை நாங்கள் குறை சொல்லாமல் சாப்பிட்டோம்.

அவர்கள் ஊருக்குப் போகும்போது என் கணவர் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்தார். அந்தப் பெண் பிள்ளைகளை மாற்றி மாற்றி முத்தமிட்டாள். "ஏற்காட்டுல என்ன பாத்தீங்கன்னு ஊட்டுல கேப்பாங்க அக்கா. நாங்க ஏரியக்கூடப் பாக்கல" என்று சிரித்தாள். நான் என்ன சொல்லி நன்றி சொல்வது? அவர்களுடைய நாட்களை நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாப்பிள்ளை, "எங்களுக்குப் பேச ஒரு விஷயம் கெடச்சுதுங்க அக்கா" என்றார். அவள் அவர் முழங்கையில் இடித்தாள்.

போன கோடையில் அவர்கள் திரும்ப வந்தார்கள், எட்டு மாதக் கைக்குழந்தையோடு. வருவதற்கு முன்பே அந்தப் பெண் போன் செய்து, தன் பையனைத் தண்ணீரில் இறக்கலாமா என்று கேட்டாள். உங்கள் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள், அவனுக்குக் குளத்துத் தண்ணீர் குளிரும், இங்கே வா, பார்த்துக்கொள்ளலாம் என்றேன். வந்த அன்று வானம் மூடியே கிடந்தது. குளத்தில் கை வைக்க முடியவில்லை. என் கணவர் சமையலறையில் வெந்நீர் போட்டு, பெரிய பிளாஸ்டிக் டப்பில் விளாவி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, வராந்தாவில் கொண்டு வந்து வைத்தார். அதில் விரற்கடை ஆழத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் தண்ணீர்.

டப்பைச் சுற்றி ஏழு பேர் கூடிவிட்டோம். என் பிள்ளைகள் இருவரும், இப்போது வாயாடிகள், ஆளுக்கொரு பக்கம் குந்தி உட்கார்ந்து தம்பிக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தன் பையனின் சட்டையைக் கழற்றினாள். தன் கணவர் கையில் கொடுப்பாள் என்று நினைத்தேன். என் பக்கம் நீட்டினாள்.

"மொதல்ல நீங்க புடிங்க அக்கா."

வாங்கிக்கொண்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பாதம் பட்டதும் அவன் ஒருமுறை சிணுங்கினான். பிறகு என் வளையலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு, டப்பில் சௌகரியமாக உட்கார்ந்தான்.